பேச்சு மன்றத்தில் ஒரு மாலை: முதல்முறை வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் மன்றத்துக்கு விருந்தினராக வருபவர்கள் வருவதற்கு முன் போனிலும், வந்தபின் டீ குடிக்கும்போதும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சென்னையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் கூடுகிற ஒரு டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றம் எங்களுடையது. வேறு ஊரில் இருந்தாலும் இதில் பெரும்பகுதி உங்களுக்கும் பொருந்தும். உலகம் முழுக்கக் கூட்டத்தின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்பது பயிற்சி நிறுவனமா? யார் சொல்லிக் கொடுப்பார்கள்?

வாத்தியார் என்று யாரும் கிடையாது. உறுப்பினர்களே கூட்டத்தை நடத்துகிறோம், உறுப்பினர்களே பேசுகிறோம், ஒருவர் பேச்சை இன்னொருவர் மதிப்பிடுகிறோம். அமெரிக்காவில் ஒய்எம்சிஏ என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தில் வேலை பார்த்த ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் தொடங்கிவைத்த ஏற்பாடு இது. அங்கே வந்துபோன இளைஞர்களுக்கு நாலு பேர் முன்னால் பேசவும், ஒரு கூட்டத்தை ஒழுங்காக நடத்தவும் பழக்கம் இல்லை என்பதைக் கவனித்து, 1905-ல் இல்லினாய் மாநிலத்தின் புளூமிங்டனில் முதலில் முயன்று பார்த்தார். இன்றைய அமைப்பின் முதல் மன்றமாகக் கணக்கில் வருவது, 1924 அக்டோபர் 22 அன்று கலிஃபோர்னியாவின் சான்டா ஆனா ஊரில், ஒய்எம்சிஏ கட்டடத்தின் அடித்தளத்தில் கூடியது. நூறு வருடம் தாண்டிவிட்டது. இன்று 140-க்கும் மேற்பட்ட நாடுகளில் மன்றங்கள் இருக்கின்றன.

உறுப்பினர் ஆகாமல் சும்மா வந்து பார்க்கலாமா?

தாராளமாக. விருந்தினருக்குக் கட்டணம் இல்லை. இரண்டு மூன்று கூட்டங்கள் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முடிந்தால் வேறு வேறு மன்றங்களுக்கும் போய்ப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவம் உண்டு. கம்பெனிக்குள் நடக்கும் மன்றம் ஒரு மாதிரி இருக்கும், எல்லோரும் வந்து சேரும் ஊர் மன்றம் வேறு மாதிரி இருக்கும்.

வந்ததும் என்னை மேடையில் ஏற்றிவிடுவீர்களா?

இல்லை. கூட்டத்தின் கடைசியில் "இன்றைய மாலை எப்படி இருந்தது?" என்று விருந்தினர்களைக் கேட்போம். எழுந்து நின்று பெயரைச் சொல்லி இரண்டு வரி பேசினால் போதும். அதுவும் வேண்டாம் என்றால் தலையை ஆட்டினால் விட்டுவிடுவோம். தயாரிப்பு இல்லாமல் ஒரு கேள்விக்கு அங்கேயே பதில் பேசுகிற உடனடிப் பேச்சுப் பகுதியில் மட்டும், முன்கூட்டியே உங்கள் சம்மதம் கேட்டபின், விருப்பமிருந்தால் வாய்ப்புத் தருவோம்.

ஒரு கூட்டம் எப்படிப் போகும்?

மாலை ஆறரைக்கு என்றால் ஆறரைக்கே சார்ஜன்ட் அட் ஆர்ம்ஸ் பொறுப்பில் இருப்பவர் சிறிய மரச் சுத்தியலைத் தட்டி ஆரம்பித்துவிடுவார். நாற்காலி போடுவது, பேனர் கட்டுவது, செல்போனை அமைதியில் வைக்கச் சொல்வது எல்லாம் அவர் வேலை. தலைவர் இரண்டு நிமிடம் வரவேற்றுவிட்டு, அன்றைய மாலையை நடத்துபவரிடம் மேடையை ஒப்படைப்பார். கைகுலுக்கித்தான் ஒப்படைப்பார். அடுத்தவர் வந்து சேரும்வரை முன்னவர் மேடையை விட்டு இறங்குவதில்லை. ஒரு நொடிகூட மேடை காலியாக இருக்காது. பார்ப்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் முதல் தடவை நடுங்கிக்கொண்டே ஏறுகிறவருக்கு, அங்கே ஒருவர் சிரித்த முகத்தோடு கையை நீட்டிக்கொண்டு நிற்பது எவ்வளவு பெரிய தெம்பு என்று ஏறிப் பார்த்தால் தெரியும்.

அப்புறம் மூன்று பகுதிகள். முதலில் தயாரித்த பேச்சு. இரண்டு அல்லது மூன்று பேர், பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு நிமிடம் பேசுவார்கள். அடுத்து டேபிள் டாபிக்ஸ் எனப்படும் உடனடிப் பேச்சு. மூன்றாவது மதிப்பீடு. இவற்றோடு நேரம் பார்க்கும் டைமர், தயக்கச் சொற்களை எண்ணும் ஆ கவுன்டர், மொழியைக் கவனிக்கும் கிராமேரியன் ஆகியோரின் அறிக்கைகளும் உண்டு. கடைசியில் பொது மதிப்பீட்டாளர் கூட்டம் மொத்தமும் எப்படி நடந்தது என்று சொல்வார். சிறந்த பேச்சாளர், சிறந்த உடனடிப் பேச்சாளர், சிறந்த மதிப்பீட்டாளர் என்று வாக்குச்சீட்டில் தேர்ந்தெடுத்து ரிப்பன் தருவோம். எட்டு மணிக்கு முடிந்துவிடும்.

எந்தப் பொறுப்பும் ஒருவருக்கே நிரந்தரம் இல்லை. இந்த வாரம் டைமராக இருப்பவர் அடுத்த வாரம் மாலையை நடத்துவார். புதியவர்களுக்கு நான் முதலில் தரச் சொல்வது டைமர் பொறுப்பைத்தான். என்ன செய்யப்போகிறோம் என்பதை ஆரம்பத்தில் ஒரு நிமிடம் விளக்கவேண்டும், கடைசியில் யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று வாசிக்கவேண்டும். பேச்சு என்ற பாரம் இல்லாமலே இரண்டு முறை மேடை ஏறி இறங்கிவிடலாம்.

பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை எதற்கு? நேரத்தில் இவ்வளவு கறார் தேவையா?

ஐந்திலிருந்து ஏழு நிமிடப் பேச்சு என்றால் டைமர் ஐந்தாவது நிமிடத்தில் பச்சை அட்டையைக் காட்டுவார், ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. அதற்குமேல் முப்பது விநாடி சலுகை உண்டு. அதையும் தாண்டினால் அன்றைய வாக்கெடுப்பில் உங்கள் பெயர் இருக்காது. உடனடிப் பேச்சுக்கு ஒரு நிமிடம், ஒன்றரை, இரண்டு. மதிப்பீட்டுக்கு இரண்டு, இரண்டரை, மூன்று.

நம் ஊருக்கு இந்த அட்டைகள் ரொம்பவே தேவை என்பது என் கருத்து. நம் மேடைப் பழக்கத்தை யோசித்துப் பாருங்கள். தலைமை தாங்கும் பெரியவர், முன்னிலை வகிப்பவர், வரவேற்புரை ஆற்றியவர், எனக்கு முன் பேசி அமர்ந்தவர், பின்னால் பேச இருப்பவர் என்று ஒவ்வொருவரையும் அடைமொழியோடு விளித்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆகிவிடும். அந்த மரியாதையை நான் குறை சொல்லவில்லை, அது நம் பண்பாடு. ஆனால் ஏழு நிமிடத்தில் ஐந்தை அதற்குக் கொடுத்தால் சொல்ல வந்தது என்ன ஆவது? இங்கே "சக டோஸ்ட்மாஸ்டர்களே, விருந்தினர்களே, வணக்கம்" என்பதோடு விளித்தல் முடிந்தது. மஞ்சள் அட்டையைப் பார்த்ததும் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று நின்ற இடத்திலேயே முடிவெடுக்கப் பழகுகிறீர்கள். அலுவலகக் கூட்டத்தில் "இரண்டே நிமிடத்தில் சொல்லுங்கள்" என்று மேலதிகாரி சொல்லும்போது அந்தப் பழக்கம் வந்து கைகொடுக்கும்.

"வந்து, வந்து" என்பதைக்கூட எண்ணுவார்களாமே?

எண்ணுவார்கள். அதுதான் ஆ கவுன்டரின் வேலை. ஆங்கிலக் கூட்டத்தில் "ஆ", "அம்", "யூ நோ" கணக்கில் வரும். தமிழில் நம் பட்டியல் வேறு: "வந்து", "அதாவது", "இந்த", "என்னன்னா", அப்புறம் தமிழுக்கு நடுவே வந்து உட்காரும் "ஸோ", "ஆக்சுவலி", "பேசிக்கலி". கூட்டம் முடியும்போது ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, எது எத்தனை முறை வந்தது என்று வாசிப்பார். சிலர் இதைக் கேட்டு முகம் சுருங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். தேவையே இல்லை. எல்லோருக்கும்தான் எண்ணிக்கை வாசிக்கப்படுகிறது, பத்து வருடம் பேசியவருக்கும்.

ஒரு சொல்லும் சொல்லாமல் மௌனமாக நிற்பதற்குப் பயப்படுவதால்தான் "வந்து" வருகிறது. அடுத்த வரி மனதில் வரும்வரை இடத்தை நிரப்பப் பார்க்கிறோம். இரண்டு விநாடி வாயை மூடிக்கொண்டு நிற்கப் பழகினாலே பாதி குறைந்துவிடும். பேசுகிறவருக்கு அந்த இரண்டு விநாடி ஒரு யுகமாகத் தெரியும். கேட்கிறவருக்கு அது ஒரு மூச்சு, அவ்வளவுதான்.

கிராமேரியன் வேறு. நல்ல சொல்லாட்சியைக் குறித்து வைத்துப் பாராட்டுவார், பிழைகளைச் சொல்வார், அன்றைக்கு ஒரு சொல்லும் தருவார். "வாஞ்சை" என்று சொல் கொடுத்தால், பேசுகிற எல்லோரும் பொருத்தமான இடத்தில் அதைப் பயன்படுத்த முயலவேண்டும்.

உடனடிப் பேச்சில் எனக்கு ஒன்றுமே தோன்றாவிட்டால்?

அதிகம் பேர் பயப்படுவது இதற்குத்தான். கேள்வி கேட்பவர் முதலில் கேள்வியைச் சொல்வார், பிறகுதான் பெயரைச் சொல்வார். அதனால் அறையில் இருக்கும் அத்தனை பேரும் ஒரு கணம் பதிலை யோசித்துவிடுகிறார்கள். ஒன்று கவனியுங்கள்: உங்கள் பெயர் வரும்போது அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே உங்கள் இடத்தில் நின்று பார்த்தவர்கள். நீங்கள் தடுமாறினால் சிரிக்க அங்கே ஆள் இல்லை.

பதில் கிடைக்கவில்லை என்றால், பெரிய கருத்தைத் தேடாமல் ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். "உங்கள் தெருவில் ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்?" என்று ஒரு கேள்வி வருகிறது. "தூய்மை, சாலை வசதி, மக்கள் விழிப்புணர்வு" என்று ஆரம்பித்தால் இருபது விநாடியில் பெட்ரோல் தீர்ந்துவிடும். "எங்கள் தெருமுனையில் ஒரு விளக்குக் கம்பம் இருக்கிறது. டியூஷன் முடிந்து என் பெண் அந்த வழியாகத்தான் வருவாள். அந்த விளக்கு எரிந்தால் போதும்" என்று ஆரம்பித்துப் பாருங்கள். அந்த விளக்கு எப்போதிலிருந்து எரியவில்லை, யாரிடம் சொன்னீர்கள், அவள் வரும்வரை பால்கனியில் யார் நிற்பார்கள் என்று பேச்சு தானாக ஓடும். சிவப்பு அட்டை காட்டும்வரை ஓடும்.

கேள்வி புரியவில்லை என்றால் திரும்பக் கேட்கலாம். கேள்வியை விட்டு விலகி உங்களுக்குத் தெரிந்த இடத்துக்கும் போகலாம், தவறில்லை. ஒரு நிமிடம் நிறைந்தாலே அது முழுப் பேச்சு.

முதல் பேச்சு எதைப் பற்றி?

உங்களைப் பற்றி. ஐஸ் பிரேக்கர் என்பார்கள், நாலிலிருந்து ஆறு நிமிடம். பிறந்த ஊர், படித்த பள்ளி, படிப்பு, வேலை, கல்யாணம், குழந்தைகள் என்று வரிசையாகச் சொன்னால் அது பயோடேட்டா ஆகிவிடும். ஒரே ஒரு சம்பவத்தையோ ஒரே ஒரு மனிதரையோ எடுத்துக்கொண்டு அதன் வழியாக உங்களைக் காட்டுங்கள். முழுவதையும் எழுதி மனப்பாடம் செய்யவேண்டாம். ஒரு வரி மறந்தால் மீதி எல்லாம் அதோடு போய்விடும். முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும். நடுவில் வரவேண்டியவற்றைச் சிறு தாளில் நாலு சொல்லாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தாளைப் பார்ப்பது குற்றமில்லை.

மதிப்பீடு என்றால் குறை சொல்வதா? இல்லை, எல்லோரையும் புகழ்ந்து அனுப்பிவிடுவீர்களா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்லவேண்டும். ஏனென்றால் மாலை முழுவதிலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான். பேசுவதற்கு மேடை எங்கும் கிடைக்கும். கல்யாண வீட்டில் கிடைக்கும், குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் கிடைக்கும். பேசி இறங்கியதும் "அருமை சார்" என்று நாலு பேர் சொல்வார்கள், அதோடு சரி. ஏழு நிமிடமும் உங்கள் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் கேட்டுக் குறிப்பெடுத்து, பிறகு எழுந்து உங்களுக்காகவே மூன்று நிமிடம் பேச ஒருவர் எங்கே கிடைப்பார்?

ஒவ்வொரு பேச்சாளருக்கும் ஒரு மதிப்பீட்டாளர் உண்டு. பேச்சுக்கு முன்பே இருவரும் பேசிக்கொள்வார்கள். "நான் கையை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறேன், அதைக் கொஞ்சம் பாருங்கள்" என்று நீங்கள் கேட்டு வைக்கலாம்.

மோசமான மதிப்பீடு இப்படி இருக்கும்: "நன்றாகப் பேசினீர்கள். குரல் நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் உடல்மொழி சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும்." இதை எந்தப் பேச்சுக்கும் சொல்லலாம், பேச்சைக் கேட்காமலேகூடச் சொல்லலாம். நல்ல மதிப்பீடு இப்படி இருக்கும்: "முதல் மூன்று நிமிடம் கையைப் பின்னால் கட்டியிருந்தீர்கள். அம்மா ரேஷன் கடை வரிசையில் நின்றதைச் சொன்னபோது வலது கை தானாக முன்னால் வந்து பையைப் பிடித்தது. அந்த இடத்தில் பின்வரிசைகூட நிமிர்ந்து உட்கார்ந்தது. அடுத்த பேச்சில் அந்தக் கை முதல் நிமிடத்திலேயே வரட்டும். இன்னொன்று: முடிவில் மூன்று முறை நன்றி சொன்னீர்கள். ஒன்று போதும்." இதில் புகழ்ச்சியும் இருக்கிறது, குறையும் இருக்கிறது. எங்கே, எப்போது, என்ன என்று காட்டியதால்தான் பேசியவரால் அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் செய்து பார்க்க முடிகிறது.

ஆளை மதிப்பிடக்கூடாது, பேச்சைத்தான் மதிப்பிடவேண்டும். கருத்தோடு மோதவும் கூடாது. "நீங்கள் சொன்னதை நான் ஏற்கவில்லை" என்பதற்கு இது இடமில்லை. அந்தக் கருத்தை அவர் கேட்பவருக்குக் கொண்டுசேர்த்தாரா என்பதுதான் கேள்வி. "நீங்கள் இப்படிச் செய்யவேண்டும்" என்பதைவிட "எனக்கு இந்த இடத்தில் புரியவில்லை" என்று தன் அனுபவமாகச் சொன்னால், கேட்பவர் மனம் மூடிக்கொள்ளாது.

பாத்வேஸ் எனப்படும் பாடத்திட்டத்தில் முதல் நிலையிலேயே இதற்கு ஒரு பயிற்சி வைத்திருக்கிறார்கள். ஒரு பேச்சுப் பேசி மதிப்பீடு வாங்கவேண்டும். அந்த மதிப்பீட்டை எடுத்துக்கொண்டு இரண்டாவது பேச்சுப் பேசவேண்டும். பிறகு நீங்களே இன்னொருவருக்கு மதிப்பீட்டாளராக நிற்கவேண்டும். மூன்றில் கடைசியது கடினம். ஒருவரை முழுதாகக் கேட்பதற்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்று அப்போதுதான் தெரியும். நன்றாகக் கேட்கத் தெரிந்தவர்கள் சீக்கிரமே நன்றாகப் பேசவும் ஆரம்பித்துவிடுகிறார்கள். எங்கள் மன்றத்தில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

தமிழில் பேசலாமா? எந்தத் தமிழில்?

மன்றத்தைப் பொறுத்தது. ஆங்கிலத்தில் மட்டும் நடப்பவை உண்டு, இரண்டிலும் நடப்பவை உண்டு, முழுக்கத் தமிழிலேயே நடப்பவையும் உண்டு. சென்னை தவிர சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் தமிழ் மன்றங்கள் இருக்கின்றன. ஆங்கிலப் பயிற்சிக்காக வருகிறவர்களே இங்கே அதிகம். வேலைக்கு அது தேவைப்படுகிறது, அதில் தவறில்லை. ஆனால் முதல் சில பேச்சுகளையாவது தமிழில் பேசச் சொல்வேன். மொழிக்குப் பயப்படுவதும் மேடைக்குப் பயப்படுவதும் வெவ்வேறு பயங்கள். இரண்டையும் ஒரே நாளில் சுமக்கவேண்டாம்.

எந்தத் தமிழ் என்றால், உங்கள் தமிழ். திருநெல்வேலிக்காரர் திருநெல்வேலித் தமிழில் ஒரு கதை சொன்னால் அறையே மலர்ந்துவிடும். மேடை என்றாலே அடுக்குமொழி வேண்டும் என்ற நினைப்பில், தனக்குப் பழக்கமில்லாத செந்தமிழில் ஆரம்பித்துப் பாதியில் தவிக்கிறவர்கள் உண்டு. அவர்களைப் பார்த்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கும். வீட்டில் அவர்கள் எவ்வளவு அழகாகப் பேசுவார்கள்!

எனக்குத் திக்குவாய். வரலாமா?

கட்டாயம் வாருங்கள். 2015-ல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடந்த டோஸ்ட்மாஸ்டர்ஸ் உலகப் பேச்சுப் போட்டியில் வென்ற சவூதி அரேபியாவின் முகம்மது கஹ்தானி, சின்ன வயதிலிருந்தே திக்குவாயோடு வளர்ந்தவர். எல்லோரும் அவரைப் போல ஆகவேண்டும் என்று சொல்ல வரவில்லை. நீங்கள் ஒரு சொல்லில் நின்றுவிட்டால் அதை உங்களுக்காக வேறு யாரும் முடித்து வைக்கமாட்டார்கள். நீங்கள் முடிக்கும்வரை காத்திருப்பார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டால், ஆ கவுன்டர் உங்கள் தயக்கங்களைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதற்கும் ஏற்பாடு செய்யலாம்.

பெண்கள் வருகிறார்களா?

நிறைய. ஆனால் ஆரம்பத்திலிருந்தே இப்படி இல்லை என்பதையும் சொல்லவேண்டும். 1973 வரை அமைப்பின் விதிப்படி ஆண்கள் மட்டும்தான் உறுப்பினர். ஹெலன் பிளான்சார்ட் என்பவர் 1970-ல் "ஹோமர்" என்ற ஆண் பெயரில் பதிவு செய்து சேர்ந்தார். அவரே 1985-ல் அமைப்பின் முதல் பெண் சர்வதேசத் தலைவரும் ஆனார். எங்கள் மன்றத்தில் கூட்ட நேரத்தை எட்டு மணிக்குள் முடிப்பதற்கு ஒரு காரணம், பஸ்ஸும் ரயிலும் பிடித்துத் தனியாக வீடு திரும்பவேண்டிய உறுப்பினர்கள் இருக்கிறார்கள் என்பதுதான்.

அரசியல், மதம் பேசலாமா?

தலைமையகம் எந்தத் தலைப்பையும் தடுப்பதில்லை. மன்றங்கள் தங்களுக்குள் முடிவு செய்துகொள்கின்றன. எங்கள் மன்றத்தில் கட்சிப் பிரசாரமும் மதப் பிரசாரமும் வேண்டாம் என்று வைத்திருக்கிறோம்.

பட்டிமன்றப் பேச்சாளர் ஆக இது உதவுமா?

ஓரளவுக்கு. பட்டிமன்றம் இரண்டு அணிகளின் வாதம். எதிரணி சொன்னதைப் பிடித்துத் திருப்புகிற சாமர்த்தியமும், கூட்டத்தைச் சிரிக்க வைக்கிற தாளமும் அங்கே வேண்டும். அந்தப் பயிற்சி இங்கே நேரடியாகக் கிடைக்காது. உடனடிப் பேச்சும் நேரக் கட்டுப்பாடும் துணைக்கு வரும்.

போட்டிகள் உண்டா?

உண்டு. மன்ற அளவில் தொடங்கிப் படிப்படியாக உலக அளவு வரை போகும். பேச்சு உங்கள் சொந்தச் சரக்காக இருக்கவேண்டும். நாலரை நிமிடத்துக்குக் குறைந்தாலும் ஏழரையைத் தாண்டினாலும் தகுதி இழப்பு. நம் பக்கத்திலிருந்தும் வென்றிருக்கிறார்கள்: 2014-ல் இலங்கையின் தனஞ்செய ஹெட்டியாராச்சி, 2017-ல் சிங்கப்பூரைச் சேர்ந்த, கேரளத்தில் பிறந்த மனோஜ் வாசுதேவன்.

எவ்வளவு செலவாகும்? வயது வரம்பு?

தலைமையகத்துக்கு ஆறு மாதத்துக்கு 60 டாலர், முதல்முறை சேரும்போது மட்டும் கூடுதலாக 20 டாலர். அதற்குமேல் ஹால் வாடகைக்கும் டீக்கும் மன்றம் கொஞ்சம் வசூலிக்கலாம். மாணவர்களுக்கும், அப்போதுதான் வேலை தேடுகிறவர்களுக்கும் இது சின்னத் தொகை இல்லை. அப்படி என்றால் விருந்தினராக வந்துகொண்டிருங்கள், கணக்குப் பார்த்து யாரும் கேட்கமாட்டார்கள். உறுப்பினராகப் பதினெட்டு வயது நிரம்பியிருக்கவேண்டும்.

பயம் எப்போது போகும்?

முழுதாகப் போகாது. நீண்டகால உறுப்பினர்களுக்கும் பெயர் கூப்பிடும்போது வயிற்றில் என்னவோ செய்யும். ஆனால் பயம் எந்த நிமிடத்தில் இறங்கும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு முதல் நிமிடம் தாண்டியதும் இறங்கிவிடுகிறது. அதுவரை சொல்ல வேண்டியதை மட்டும் நன்றாகத் தயார் செய்து வைத்துக்கொண்டால் போதும்.

முதல் தடவை வரும்போது என்ன கொண்டுவரவேண்டும்?

ஒரு நோட்டும் பேனாவும். பத்து நிமிடம் முன்னதாக வந்துவிட்டால் வாசலில் இருப்பவர் அன்றைய நிகழ்ச்சி நிரல் தாளைத் தருவார். அதில் யார் எந்தப் பொறுப்பில் இருக்கிறார்கள் என்று போட்டிருக்கும். பேச்சாளர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, நீங்களே அவருக்கு மதிப்பீட்டாளர் என்று நினைத்துக்கொண்டு கேட்டுக் குறித்து வையுங்கள். பிறகு மதிப்பீட்டாளர் எழுந்து பேசும்போது இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் கவனிக்காத ஒன்றை நீங்கள் குறித்திருந்தால், டீ குடிக்கும்போது அந்தப் பேச்சாளரிடம் போய்ச் சொல்லுங்கள். அவர் அதைக் கேட்கக் காத்திருப்பார்.